கோவலூர்க் கோமான் மலையமான் திருமுடிக்காரி

தென்பெண்ணை ஆற்றின் தென்கரையில் அமைந்த திருக்கோவலூருக்குச் சென்றவர்கள், ஆற்றினூடே நிமிர்ந்து நிற்கும் ஒரு பாறையைக் கண்டிருப்பர். கபிலர் குன்று என்று அதனை வழங்குகின்றனர். உயிர்நண்பன் பாரி மறைந்தபின், அவன் மகளை மலையனுக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டுப் புலவர் பெருமான் கபிலர் தீயிற் புகுந்து உயிர்நீத்தார் என, அருகிலுள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டொன்று கூறுகின்றது. பெண்ணையில் எத்தனையோ வெள்ளங்கள் வந்து போயின. மலையமானின் அரண்மனை இருந்த இடத்தைக் காட்டுவார் இல்லை. அவனைப் பாடிய புலவரின் பாறை இன்றும் நிற்கின்றது. அரசனைத் தேடிப் போகிறவர்கள் புலவரிடமே வந்து சேர வேண்டியிருக்கிறது.

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் ஒரு போர்வீர மன்னனைப் போற்றி எழுதுவானேன் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. மன்னர்களின் காலம் நம் முன்னோருக்குப் பெரும்பாலும் வரியும் வெட்டிவேலையுமாகவே கழிந்திருக்கிறது. ஆயினும் 2019ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் விழுப்புரத்தினின்று பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. கிழக்கே திருக்கோவலூரும் மேற்கே கல்வராயன் மலையும் இப்போது ஒரே மாவட்டத்தின் இரு முனைகளாக விளங்குகின்றன. இம்மண்ணை ஆண்ட மிகப் பழைய அரசன் யார் என்று நம் மாணவர் கேட்டால், மலையமான் திருமுடிக்காரி என்றே விடை சொல்ல வேண்டும். அவ்விடையைப் பிறர் எழுதிக் கொடுத்தபடி ஒப்புவிக்காமல், நாமே படித்து, நம் கண்கொண்டு பார்த்துச் சொல்வது நமக்கு அழகு.

காரி சங்க காலத்தவன். மலையமான் என்பது குலப்பெயர். மலையமான் நாடு என்பதே பின்னாளில் மலாடு என்றும் மிலாடு என்றும் மருவிற்று. கோவலூர் அவன் தலைநகர். முள்ளூர் அவன் மலை. முடியுடை மூவேந்தர் வரிசையில் வைத்து எண்ணப்படாத குறுநில மன்னனே அவன். ஆயினும் அம்மூவேந்தரும் அவன் வாயிலில் தூதரை நிறுத்திப் படைத்துணை வேண்டினர் என்று கபிலர் பாடுகின்றார். அவன் ஏறிய குதிரைக்கும் காரி என்றே பெயர். கொல்லிமலைத் தலைவன் ஓரியின் குதிரைக்கு ஓரி என்று பெயர். காரிக் குதிரைக் காரியும் ஓரிக் குதிரை ஓரியும் பொருத போரைச் சிறுபாணாற்றுப்படை நினைவுகூர்கின்றது. திருக்கோவலூர்ப் பகுதியில் கிடைத்துள்ள மலையமான் காசுகளிலும் குதிரையே பொறிக்கப்பட்டுள்ளது. நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து வெளியிட்டார். உள்ளங்கையில் அடங்கும் அச்சிறு செம்புக் காசில் நிற்கும் குதிரையைக் காணும்போது, பாட்டும் பொருளும் ஒன்றையொன்று கைகோத்துக்கொள்வதை உணர்கிறோம்.

அவன் வீரத்துக்குச் சான்றுகள் பல. முள்ளூரை நெருக்கிச் சூழ்ந்த ஆரியப் படை, மலையனின் ஒற்றை வேலுக்கு ஆற்றாது ஓடிற்று என்று நற்றிணைப் பாட்டொன்று உவமையாக எடுத்தாள்கின்றது. ஒரு நாட்டுத் தலைவனின் வெற்றி, காதற்பாட்டில் உவமையாக வருமளவுக்கு மக்கள் நாவில் பழகியிருந்தது என்பதை ஈண்டு நோக்குதல் வேண்டும். ஓரியைக் கொன்று அவனுடைய கொல்லிமலையைக் காரி தான் வைத்துக்கொள்ளாது சேரர்க்குக் கொடுத்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் குறிக்கின்றார். காரி வெற்றியோடு ஓரியின் பெருந்தெருவிற் புகுந்த நாளில் அவ்வூரில் எழுந்த ஆரவாரத்தைக் கபிலர் மறக்கவில்லை.

இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஓரி யார்? ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகியவற்றை ஊடுருவ எய்த வில்லாளி என்று வன்பரணர் அவனைப் பாடினார். அவனும் காரியைப் போலவே கடையெழு வள்ளல்களுள் வைத்து எண்ணப்பட்டவன். அவன் மடிந்த நாளில் கொல்லிமலையில் எத்தனைப் பாணர் குடும்பங்கள் புரவலனை இழந்திருக்கும்! வேற்று வேந்தர்க்காக வாள் எடுத்து, தன்னையொத்த ஒரு வள்ளலை வீழ்த்திய செயலைப் புகழ்ச்சியோடு மட்டும் எழுதிச் செல்ல என் எழுதுகோல் இணங்கவில்லை. போற்றத்தக்க மன்னனாயினும் அவன் கையில் இரத்தம் உண்டு.

அவ்வாள் திரும்பியும் வந்தது. தகடூர்த் தலைவன் அதியமான் நெடுமான் அஞ்சி படையெடுத்துக் கோவலூரை அழித்தான். அவ்வெற்றியைப் பரணர் பாடினார் என்று ஔவையார் புறநானூற்றிற் குறிப்பிடுகின்றார். 1981இல் திருக்கோவலூருக்கு அருகில் உள்ள ஜம்பை என்னும் ஊரின் குன்றில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று கண்டறியப்பட்டது. சதியபுத்திரனான அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த உறைவிடம் இது என்பது அதன் பொருள். அசோகப் பேரரசனின் பாறைக் கட்டளையில் சோழ பாண்டியரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடி வந்தனர். அவ்வழக்கை நம் பகுதியின் ஒரு குகைப்பாறை தீர்த்து வைத்தது. காரியின் நாட்டிலேயே அவன் பகைவனின் பெயர் கல்லில் நிலைத்தது விந்தையே. அப்பகைவனின் தகடூரும் பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறையால் அழிக்கப்பட்டது. வென்றவரும் தோற்றவரும் மாறி மாறி அழிந்த கதை இது. மண்ணை வென்றமையால் மட்டும் காரி நிலைத்திருந்தால் இன்று அவனைப் பற்றி எழுத ஒரு பத்தியே போதும்.

காரி நிலைத்தது அவன் கொடையால். அக்கொடையைக் கபிலர் பாடும் முறையே தனி. இவன் நாட்டைக் கடலும் கொள்ளாது, பகைவரும் கொள்ளார். அது வேள்வித்தீ வளர்க்கும் அந்தணர்க்கு உரியதாயிற்று. மூவேந்தர் தூதர் கொணர்ந்து குவிக்கும் செல்வமோ பாடி வருவோர்க்கு உரியது. தனக்கென்று இவனுக்கு எஞ்சியது கற்புடை மனைவியின் தோள் ஒன்றே. இது புறநானூற்றுப் பாட்டொன்றின் கருத்து. நிலம் அந்தணர்க்குச் சென்றது என்ற செய்தியை நாம் விழுங்கிவிட்டுப் போகலாகாது. நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது, அதை உழுதவர் யார் என்ற வினாக்கள் பின்வந்த ஈராயிரம் ஆண்டுத் தமிழக வரலாற்றின் அடிவேரில் கிடக்கின்றன.

மற்றொரு பாட்டில் கபிலர் வேறொன்றைச் சொல்கின்றார். காலையிலேயே கள்ளுண்டு களித்திருக்கும் நாளவையில் தேர்களை வாரி வழங்குதல் எவர்க்கும் எளிது. மலையனோ குடியாமலே தெளிந்த அறிவோடு வழங்குவான். அவன் கொடுத்த தேர்கள் முள்ளூர் மலையுச்சியிற் பெய்யும் மழையின் துளிகளினும் பல. கள்ளுண்ணல் மன்னர்க்கு இழுக்கெனக் கருதப்படாத காலத்தில், மயக்கத்திற் கொடுக்கும் கொடையினின்று தெளிவிற் கொடுக்கும் கொடையைப் புலவர் பிரித்துக் காட்டினார். 2024ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தைச் சூழ நச்சுச் சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொடுத்த நமக்கு, இப்பாட்டைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கின்றது. மாண்டவர்களில் பெரும்பாலோர் அன்றாடம் உழைத்துப் பிழைத்த எளிய மக்கள். அதனைத் தொடர்ந்தே சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துத் தானே முன்வந்து வழக்கெடுத்துச் சாலை, பள்ளி, மருத்துவம் பற்றி அரசைக் கேள்வி கேட்டது.

இனி, காரியைப் பற்றிய செய்திகளில் என் உள்ளத்தை மிகவும் கவர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். கபிலர் ஒரு நாள் காரியைக் கடிந்துகொண்டார். பரிசில் வேண்டி நாற்றிசையிலிருந்தும் பலர் வருகின்றனர். அவரவர் தரம் அறிந்து கொடுப்பதே அரிது. வாரிக் கொடுத்தல் மிக எளிது. ஆதலின் புலவர்களிடத்தில் எல்லாரையும் ஒருபடித்தாகப் பார்க்கும் பொதுநோக்கை விட்டுவிடு என்று நேர்நின்று அறிவுறுத்தினார். அரசன் அவையில் நின்று அவன் குறையை எடுத்துரைத்த கபிலரின் அஞ்சாமையை உரையாசிரியர்களும் தமிழாசிரியர்களும் காலங்காலமாகப் பாராட்டி வந்துள்ளனர். தகுதி அறிந்து சிறப்புச் செய்தல் வேண்டும் என்பது அவர்கள் கண்ட நீதி. அது தவறென்று நான் கூறவில்லை. செந்நாவும் நுண்ணறிவும் உடைய கபிலர், அரைகுறைப் பாடகரோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டதற்காக வருந்தியிருக்கலாம். அவ்வருத்தம் இயல்பானதே.

ஆனால் இதனைக் காரியின் பக்கம் நின்று ஒருமுறை பாருங்கள். அதே கபிலர் பாடிய இன்னொரு பாட்டு, அவன் வாயில் எத்தகையது என்று காட்டுகின்றது. நல்ல நாள் பாராமற் புறப்பட்டவனாயினும், வழியில் தீய நிமித்தம் குறுக்கிட்டதாயினும், காலமல்லாத காலத்தில் உள்ளே புகுந்தவனாயினும், சொல்லத் தெரியாமல் எதையோ சொன்னவனாயினும், மலையனிடம் சென்றவன் வெறுங்கையோடு திரும்பான் என்கிறது அப்பாட்டு. நாளும் கோளும் பாராத வாயில்! சொல்வன்மை இல்லாதவனையும் துரத்தாத அவை! கபிலர் குறை என்று கண்ட பொதுநோக்கும், கபிலரே புகழ்ந்து பாடிய இவ்வாயிலும் ஒரே குணத்தின் இரு பக்கங்களே.

தகுதி என்னும் சொல்லை நம் மக்கள் பலமுறை கேட்டிருக்கின்றனர். பள்ளியின் திண்ணைக்கு வெளியே நின்று பாடம் கேட்ட நம் பாட்டன்மார் அதைக் கேட்டனர். முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்த பிள்ளைகள் இன்றும் அதைக் கேட்கின்றனர். முறையாகப் பேசத் தெரியவில்லை, நேரமறிந்து வரவில்லை, மதிப்பெண் போதவில்லை என்ற குரல்கள் நம் பின்னே ஒலித்துக்கொண்டே வந்துள்ளன. தரமறிதல் நல்லதுதான், ஆனால் தரம் பெறுவதற்கு முன் உள்ளே நுழைய வேண்டுமே! காரியின் பொதுநோக்கு அந்த நுழைவைத் தந்தது. கபிலரைப் போன்ற பெரும்புலவர் அதில் குறை காணலாம். வாயிலுக்கு வெளியே நின்று பழகிய நாம் காணலாகாது. காரியை நான் மதிப்பது ஓரியை வென்றதற்காக அன்று. கபிலர் சொல்லியும் விடமுடியாத அளவுக்கு அக்குணம் அவனிடம் ஊறிக் கிடந்தது என்பதற்காகவே.

அவ்வாயிலில் வந்து நின்றவர்கள் யார் என்பதையும் எண்ணுதல் வேண்டும். பாணர், கூத்தர், பொருநர், விறலியர், கிணை கொட்டுவோர் ஆகியோர் சுற்றத்தோடும் பசியோடும் மன்னர் மனைகளை நாடி நடந்தனர். வைகறையில் கிணைப்பறை முழக்கித் தலைவனை எழுப்பிப் பரிசில் பெற்ற கலைஞர்களைப் புறநானூற்றில் பல பாட்டுகளிற் காண்கிறோம். பறை இன்றிப் போர் இல்லை, விழா இல்லை, சாவும் இல்லை. தொல்காப்பியர் நிலந்தோறும் அமைந்த கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் சேர்த்தே எண்ணினார். மாங்குடி கிழார், துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் இந்நான்கன்றிக் குடியும் இல்லை என்று அறுதியிட்டுப் பாடினார். போர்க்களத்தில் வீழ்ந்தோரின் நடுகல்லையன்றி நெல் தூவி வழிபடத்தக்க கடவுளும் இல்லை என்பது அப்பாட்டின் துணிபு.

இதனைக் கொண்டு சங்க காலம் ஏற்றத்தாழ்வற்ற பொற்காலம் என்று முழங்குவோர் உளர். மேடைக்கு அது நன்றாக இருக்கும். ஆனால் புலையன், இழிசினன் என்னும் சொற்களும் அதே புறநானூற்றில் இருக்கின்றன. அவற்றைப் பக்கம் புரட்டி மறைத்துவிட்டு வரலாறு எழுத நம்மால் இயலாது. உண்மை இவ்விரண்டிற்கும் இடையில் உள்ளது. பறை முழக்கியவன் அன்று அரசன் அவைக்குள் சென்று வந்தான். அவன் பசியைத் தீர்ப்பது அரசனுக்குப் புகழாக இருந்தது. அவ்வாயில் பின்னர் அடைபட்டது.

அது எப்போது அடைபட்டது என்பதற்கும் மலையமான் குலத்தோடு தொடர்புடைய சான்று ஒன்று கிடைக்கின்றது. தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசனின் தாய் வானவன்மாதேவி, மலையமான் குலத்தில் பிறந்தவள். கபிலரின் முடிவைக் கூறும் அதே திருக்கோவலூர்க் கல்வெட்டு இதனையும் கூறுகின்றது. அந்த இராசராசனின் தஞ்சைக் கோயிற் கல்வெட்டுகளில் ஊர்களின் வரியிலா நிலங்களைக் கணக்கிடும்போது, ஊர்நத்தம் வேறாகவும் பறைச்சேரி வேறாகவும் எழுதப்பட்டுள்ளன. தீண்டாச்சேரி என்னும் சொல்லும் அங்கே வெட்டப்பட்டிருக்கிறது. காரியின் வாயிலிற் பறையோடு நின்றவர்களின் வழிவந்தோர்க்கு, அவன் குலமகள் பெற்ற பேரரசன் காலத்தில் ஊருக்கு வெளியே தனி எல்லை வகுக்கப்பட்டுவிட்டது. இடையில் ஓராயிரம் ஆண்டுகள் கழிந்திருந்தன. நிலக்கொடையும் கோயிலும் வளர்ந்த அந்த நூற்றாண்டுகளில்தான் சேரியும் வளர்ந்தது.

மலையின் கதையும் இதற்கு வேறன்று. மலையமான் என்ற பெயரிலேயே மலை இருக்கிறது. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் அண்மைக்காலம் வரை மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தனர். நாடு விடுதலை பெற்றது 1947இல்; கல்வராயன் மலையை அரசு தன் நேரடி ஆட்சிக்குள் எடுத்துக்கொண்டது 1976இல். இடைப்பட்ட இருபத்தொன்பது ஆண்டுகள் அம்மலையில் விடுதலை என்பது கீழே சமவெளியிலிருந்து கேட்கும் செய்தியாகவே இருந்தது. மன்னர் காலம் முடிந்தது என்று நாம் பாடப்புத்தகத்திற் படித்துக்கொண்டிருந்த நாளில், நம் கண்ணெதிரே தெரியும் மலையில் அது முடியவில்லை.

பனையோலையில் உறங்கிய காரி, அச்சேறி நம்மிடம் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில். உ. வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதனைப் படிக்க எழுத்தறிவு வேண்டும். எழுத்தறிவுக்குப் பள்ளி வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, நம் வரலாற்றை நாமே எழுதும் வழக்கத்துக்கு வித்திட்டார். அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, சிதம்பரத்தில் 1916இல் சுவாமி சகசானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி கண்டார். பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லார்க்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார் இரட்டைமலை சீனிவாசன். தெருவில் நடக்கும் உரிமைக்கே சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்த நாளில், நம்மவர் புறநானூறு படிப்பது எங்ஙனம்? இன்று நம் கழகத்தின் மாணவர் ஒருவர் நூலகத்தில் அமர்ந்து கபிலரைப் படித்து, இது சரி, இது சரியன்று என்று குறிப்பெழுதுகிறார் என்றால் அதன் பின்னே இத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது.

ஒன்றை இடையிலே சொல்லிக்கொள்கிறேன். காரியைத் தம் முன்னோன் என்று உரிமை கொண்டாடுவோர் இன்று பலர். நாம் அந்தப் போட்டியில் இறங்க வேண்டியதில்லை. மன்னனின் பேரனாக இருந்தால்தான் மதிப்பு என்று எண்ணுவது, பிறப்பால் மதிப்பு வரும் என்ற பழைய நோயை நாமே ஏற்றுக்கொள்வதாகும். அவன் குணம் நமக்கு வேண்டும், குலம் வேண்டாம்.

மலையமான் மரபு விட்டுச்சென்ற பேறு யாது என்று கேட்டால், நான் காசையோ கல்வெட்டையோ காட்டமாட்டேன். புறநானூற்றின் நாற்பத்தாறாம் பாட்டு பிறந்த சூழலைக் காட்டுவேன். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமான் மேற்கொண்ட பகையால் அவன் மக்களைப் பிடித்துவந்து யானையின் காலில் இட முற்பட்டான். மன்றம் கூடியிருந்தது. யானை நின்றது. குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. அழுத குழந்தைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்து வேடிக்கை பார்த்தன. பிறகு, பழகாத முகங்கள் நிறைந்த மன்றத்தை மருண்டு நோக்கிப் புதியதோர் அச்சத்தால் கலங்கின. தம்மைக் கொல்லவே யானை நிற்கிறது என்பதை அறியாத பருவம்.

அப்போது கோவூர் கிழார் எழுந்தார். அவரிடம் வாளும் இல்லை, படையும் இல்லை. சோழனை நோக்கி அவர் கூறியவை மூன்றே செய்திகள். நீ ஒரு புறாவின் துன்பத்தையே பொறாத முன்னோனின் வழியில் வந்தவன். இவர்களோ, அறிவை உழுது உண்ணும் மக்களின் வறுமைக்கு அஞ்சித் தம் உணவைப் பகிர்ந்துண்டவர்களின் வழியில் வந்தவர்கள். இக்குழந்தைகளின் நிலையையும் பார்த்தாய். நான் சொன்னதைக் கேட்டாய். இனி உன் விருப்பப்படி செய்.

கெஞ்சவில்லை, அச்சுறுத்தவுமில்லை. ஒரு காலத்தில் மலையமான் வாயிலில், நாள் பாராமலும் தகுதி பாராமலும் பசித்த புலவர்க்குப் பகிரப்பட்ட சோறு, அன்று சோழன் மன்றத்தில் சான்றாக வந்து நின்றது. யானையின் காலினின்று அக்குழந்தைகளைக் கோவூர் கிழார் பாடி உய்யக்கொண்டார் என்று புறநானூற்றைத் தொகுத்தவர்கள் அப்பாட்டின் அடியில் குறித்து வைத்துள்ளனர்.